கீழ்மலையில் ஒரு தகரக் கொட்டகையும் பழைய வேனும்: மலை நிலத்தில் தற்காலிகமாகக் குடியேற முழு வழிகாட்டி

ஐப்பசி இரண்டாவது வாரம். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் விடியலில் எழுந்து காலைக் கீழே ஊன்றியபோது வேனின் தரை சாய்ந்திருந்தது. வெளியே வந்து பார்த்தால் பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை சேற்றில் இறங்கியிருந்தன. அதற்கு நாலடி தள்ளி, பள்ளத்தைப் பார்த்த ஓரத்தில், கை நுழையும் அகலத்துக்கு மண் விரிசல் விட்டிருந்தது. அந்த இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான்: அங்கே நின்றால் மருதாநதி அணையும் அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகளும் தெரியும்.

பக்கத்துக் காப்பித் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்தார். "தம்பி, இது யாரோ முன்னே வெட்டிக் கொட்டிய மண். இதன்மேல் செடி வைக்கலாம், ஆள் படுக்கக் கூடாது" என்றார். ஆறு பேர் சேர்ந்து கயிறு கட்டி வேனை மேலே இழுத்தோம். கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய வீடாக இருந்திருந்தால் இழுத்திருக்க முடியாது. தற்காலிக வீட்டின் முழுப் பயனும் எனக்கு அன்றுதான் விளங்கியது. நிலத்தைப் படிக்கும்வரை நம்மை அது தாங்கும். நாம் தவறாக வைத்தால் மாற்றி வைக்க இடம் கொடுக்கும். இந்த வழிகாட்டி முழுவதையும் அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

பழனி மலைத்தொடரில் கீழ்மலை என்று நாங்கள் சொல்வது தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கம். காப்பி, மிளகு, மலைவாழை, சௌசௌ விளையும் உயரம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை எல்லாம் மேல்மலை. அங்கே குளிரும் காற்றும் வேறு. நான் சொல்வதில் பெரும்பகுதி கீழ்மலைக்கு. மேல்மலைக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

படி 1: மலையேறும் முன் காகிதங்கள்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலங்களின் உரிமை, வகை விவரப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று. சமவெளியில் இவை போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மலையில் மேலும் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காட்டு எல்லை. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. கீழ்மலையில் பல தோட்டங்கள் காட்டை ஒட்டியே இருக்கின்றன. வேலியை நம்பாதீர்கள். நில அளவையருக்குப் பணம் கட்டி, புலப்படத்தை வைத்து அளந்து, கல் நட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பாதை. உங்கள் நிலத்துக்கு வண்டி வரும் வழி யாருடைய பட்டாவில் ஓடுகிறது? "இத்தனை காலமாக இப்படித்தான் போகிறோம்" என்பது பத்திரம் ஆகாது. பாதை உரிமை உங்கள் கிரயப் பத்திரத்தில் அளவோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, நிலத்தின் வகை. அரசு ஒப்படை செய்த கண்டிஷன் பட்டாவாகவோ பஞ்சமி நிலமாகவோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலகிவிடுங்கள். அது நிலமற்ற ஏழைகளுக்கும் தலித் மக்களுக்கும் போய்ச் சேர வேண்டிய நிலம்.

குத்தகைக்கு எடுப்பவர்கள் வாய்ப்பேச்சோடு நிற்க வேண்டாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதில் தங்கும் உரிமை, தண்ணீர் எடுக்கும் உரிமை, போகும்போது கொட்டகையைப் பிரித்து எடுத்துச்செல்லும் உரிமை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

"சக்கரம் இருக்கிறது, கட்டடம் இல்லை, யாரிடமும் கேட்க வேண்டாம்" என்று சொல்பவர்கள் வழிநெடுகக் கிடைப்பார்கள். அதைக் கேட்டு நடக்காதீர்கள். மலைக் கிராமங்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த 1990-ல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் ஏற்படுத்தப்பட்டது. உங்கள் கிராமம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சியிலும் கேளுங்கள். என்ன வைக்கப்போகிறீர்கள், எத்தனை சதுர அடி, கழிப்பறை எங்கே, எத்தனை மாதம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையால் வரைந்த படத்தோடு மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: மலைப்பகுதி மரங்களைக் காக்கும் சட்டம் 1955 முதல் இருக்கிறது. உங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. மண் அள்ளும் இயந்திரத்தை இறக்குவதற்கும், ஆழ்துளைக் கிணறு போடுவதற்கும் அப்படியே முன் அனுமதி வேண்டும்.

படி 2: இடம் பார்ப்பது

இதற்கு நீங்கள் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். கீழ்மலையில் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். சித்திரை வைகாசியில் இடியோடு கோடைமழை வரும். ஆனி ஆடியில் மழை குறைவு, காற்று அதிகம். நிலத்தை விற்பவர்கள் பெரும்பாலும் மாசி பங்குனியில்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அப்போது எந்த இடமும் அழகாக இருக்கும். ஆகவே ஒரு ஐப்பசியைக் குடையோடு நிலத்தில் நின்று பாருங்கள். தங்க வழியில்லையென்றால் ஊருக்குள் ஒரு அறை எடுத்து, மழை வலுக்கும்போதெல்லாம் போய்ப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? மழை பெய்யும்போது தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதைப் பாருங்கள். அந்த வழியில் நாலு குச்சி நட்டு வையுங்கள். மழை நின்ற மறுநாள் எங்கே இன்னும் கசிகிறது என்று பாருங்கள். அங்கே அடியில் ஈரம் ஓடுகிறது. மரங்களைப் பாருங்கள்: அடிமரம் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து, மேலே போகப்போக வளைந்து நிமிர்ந்திருந்தால், அந்தச் சரிவு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சரிவின் மேல்பக்கத்தில் பிறை வடிவில் விரிசல், புதிதாகக் கிளம்பிய ஊற்று, தெளிந்து ஓடிய ஊற்று திடீரென்று செம்மண்ணாகக் கலங்குவது இவை ஒவ்வொன்றும் எச்சரிக்கை. கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் பையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். பொருளுக்காகத் திரும்பிப் போகாதீர்கள்.

வெட்டிய மண்ணுக்கும் கொட்டிய மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம். சரிவை வெட்டிச் சமப்படுத்திய தளத்தில் உட்பாதி இயற்கையான கெட்டி மண்; வெளிப்பாதி, வெட்டியதை அள்ளிக் கொட்டியது. மூன்றடிக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையாகக் குத்திப் பாருங்கள். கெட்டி மண்ணில் அரையடியில் நிற்கும். கொட்டிய மண்ணில் உடல் பாரத்துக்கே இறங்கும். நாங்கள் வேனை நிறுத்தியது அந்த வெளிப்பாதியில். கம்பி வைத்து அரைமணி நேரம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மரத்தடி நிழல் மனத்துக்குப் பிடிக்கும். ஆனால் உயரமான சில்வர் ஓக், தைலமரம் இவற்றின் உயரத்துக்கு உள்ளே படுக்கையை வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி இந்த மலைவரை வந்து மரங்களைச் சாய்த்ததைக் கண்டவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கடலிலிருந்து தொலைவு என்ற நினைப்பு வேண்டாம்.

நல்ல இடம் பெரும்பாலும் சுமாரான இடமாகத்தான் இருக்கும்: ஓடைக்கு மேலே, மேட்டு முகட்டுக்குக் கீழே, சரிவு தணிந்து கிடக்கும் ஒரு தோள். பார்வை அவ்வளவு இருக்காது. காலை வெயில் விழுகிறதா என்று மட்டும் விட்டுக்கொடுக்காமல் பாருங்கள். மலையில் வெயில்தான் துணியை, மெத்தையை, மனத்தைக் காயவைக்கும்.

படி 3: வேனா, கன்டெய்னரா, கொட்டகையா

பழைய வேனைக் கேரவனாக மாற்றிக்கொண்டு வருவது பலருக்கும் முதல் ஆசை. ஓடும் வண்டியாக வைத்திருக்க நினைத்தால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள்: வண்டியின் அமைப்பை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுப் பதிவுச் சான்றில் குறிக்க வேண்டும். இருக்கையைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் பொருத்திய வண்டிக்கு, ஒப்புதல் இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்குமா என்பதை யோசியுங்கள். நிறுத்திய வேனின் சக்கரங்களை மண்ணில் விடாமல், நாலு மூலையிலும் கல் அடுக்கித் தூக்கி நிறுத்துங்கள். டயரும் பிழைக்கும், எலியும் குறையும்.

கன்டெய்னரை நான் யாருக்கும் சொல்வதில்லை. 20 அடிப் பெட்டி வெறுமையாகவே இரண்டு டன்னுக்கு மேல் எடை. வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாகக் கொண்டைஊசி வளைவுகளில் லாரி ஏறிவிடலாம். தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் எட்டடி மண்பாதையில் லாரியும் திரும்பாது, இறக்க வரும் கிரேனும் நிற்காது. அப்படியே வந்து சேர்ந்தாலும் பகலில் அடுப்பு, இரவில் குளிர்பெட்டி. உள்சுவரில் நீர் வழியும்.

தகரக் கொட்டகைதான் மலைக்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு துண்டும் ஆள் தூக்கும் எடை. வெல்டிங் வைக்காமல் நட்டு போல்ட்டில் முடுக்கினால் ஒரே நாளில் பிரிக்கலாம். நாங்கள் வேனில் படுத்து, கொட்டகையில் சமைத்துப் புழங்கினோம். இரண்டாம் ஆண்டில் அதை மாற்றிக் கொட்டகையில் படுத்தோம். மழைநாளில் வேனுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாதது முதுகை வாட்டியது.

படி 4: கொட்டகை போடுவது

எங்கள் அளவு 10 அடிக்கு 16 அடி. இரண்டு பேருக்குப் போதும். தரையைச் சமப்படுத்த மண்ணை வெட்டாதீர்கள். கால்களின் உயரத்தை மாற்றுங்கள். மேல்பக்கக் கால்கள் ஒன்றரை அடி, பள்ளப்பக்கக் கால்கள் மூன்றடி என்று சரிவுக்கேற்ப நிற்கட்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் இரண்டடி ஆழக் குழியில் கல்லும் கான்கிரீட்டும். மேலே இரண்டு அங்குல இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் சிமெண்ட் போர்டுத் தரை. அடியில் காற்று ஓடும், பாம்பும் தண்ணீரும் கீழேயே போய்விடும்.

கூரைச் சரிவு பத்தடி அகலத்துக்கு இரண்டடி இறக்கமாவது இருக்கட்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் சொலவடை இல்லை. தகரத்தின் ஓரங்களில் திருகாணியை நெருக்கி முடுக்குங்கள். கூரையை அடிச்சட்டத்தோடு நாலு மூலையிலும் முறுக்குக் கம்பியால் கட்டுங்கள். மேல்மலையில் இதை எட்டு இடத்தில் செய்யுங்கள்.

புதிதாக வருபவர்கள் கூரை ஒழுகுகிறது என்று நினைப்பது பல நேரம் ஒழுக்கல் இல்லை. இரவில் நம் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டுச் சொட்டுவது அது. தகரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாயோ வெப்பத்தடுப்பு விரிப்போ கட்டுங்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நாலு விரல் திறப்பு விட்டு எலிவலை அடியுங்கள். அந்தத் திறப்பை எந்தக் குளிரிலும் துணி வைத்து அடைக்காதீர்கள். காரணத்தை நெருப்பைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

கொட்டகை எழும்பும் முன்பே வெட்ட வேண்டியது வாய்க்கால். மேல்பக்கத்தில், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில், பிறைபோல வளைத்து வெட்டுங்கள். வருகிற தண்ணீரை அது இருபுறமும் ஒதுக்கி, புல் மூடிய இடத்திலோ பழைய ஓடையிலோ விட வேண்டும். கொட்டிய மண்ணின் விளிம்பிலோ அடுத்தவர் தோட்டத்திலோ விடக் கூடாது. பள்ளப்பக்க விளிம்பில் வெட்டிவேரை அரையடிக்கு ஒன்றாக வரிசையாக நடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் வாய்க்காலில் இலை தழையை வாருங்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் வாருங்கள்.

படி 5: தண்ணீர்

கீழ்மலையில் காட்டோடையில் ஹோஸைப் போட்டுச் சரிவில் இறக்கித் தோட்டத்துக்குக் கொண்டுவருவது பழைய வழக்கம். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால் ஓடை பொதுச் சொத்து. நீங்கள் ஹோஸைப் போடும் முன்பே அதில் உயிர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் போய்ப் பாருங்கள். எங்கள் ஓடையில் ஏழு பேர். கோடையில் யார் எந்தக் கிழமை எடுப்பது என்று ஒரு முறை இருந்தது. எங்களுக்கு வியாழன் இரவைக் கொடுத்தார்கள். கேட்காமல் போட்டிருந்தால் அந்த ஹோஸ் வெட்டுப்பட்டிருக்கும், அதில் தவறும் இருந்திருக்காது. ஓடை காட்டுக்குள் இருந்தால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும்.

ஹோஸைப் போடும்போது மேடு பள்ளமாகக் கிடக்க விடாதீர்கள். நடுவில் மேடு வந்தால் அங்கே காற்று அடைத்துத் தண்ணீர் நின்றுவிடும். தவிர்க்க முடியாத மேட்டில் ஒரு சிறு வால்வு வைத்துக் காற்றைத் திறந்து விடுங்கள். பத்து மீட்டர் இறக்கத்துக்குச் சதுரச் சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். ஐம்பது மீட்டர் இறக்கமென்றால் நடுவில் ஒரு சிறு தொட்டி வைத்து அழுத்தத்தை உடையுங்கள். இல்லையென்றால் இரவில் வால்வை மூடிய நேரம் ஹோஸ் வெடிக்கும். ஊற்றுக்கண்ணில் ஹோஸின் வாயைத் தரையில் வைக்காமல், ஒரு சாண் உயரத்தில், கொசுவலை சுற்றிய துளைக்குழாயாக வையுங்கள்.

மழைநீர் இரண்டாவது வழி. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 160 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 15 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 750 லிட்டர். சிந்தியது, முதல் கழுவல் போக 600 லிட்டர் கையில் நிற்கும். உலர் கழிப்பறை இருந்தால் இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு 80 லிட்டரில் வாழ்க்கை ஓடும். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு வைத்தால் மழை இல்லாத 25 நாள் தாங்கும். தொட்டியைக் கெட்டி மண்ணில், கல் அடுக்கி, கொட்டகைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். நிரம்பிய தொட்டி ஒரு டன். அதைக் கொட்டகைக்கு மேல்பக்கச் சரிவில் நிறுத்துவது ஆபத்து.

மலை ஊற்று சுத்தம் என்ற நம்பிக்கையில் அப்படியே குடிக்காதீர்கள். மேலே மாடு மேய்கிறது, தோட்டங்களில் மருந்து அடிக்கிறார்கள். மருந்து அடிக்கும் தோட்டத்துக்குக் கீழே உள்ள ஊற்றைக் குடிக்க எடுக்கவே வேண்டாம். காய்ச்சினால் கிருமிதான் சாகும், மருந்து போகாது. மற்ற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு நிமிடம் காய்ச்சுங்கள். மேல்மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம். அதே காரணத்தால்தான் அங்கே பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது.

குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்கு விடுங்கள். சரிவில் ஒரே இடத்தில் ஊறவிட்டால் அந்த இடம் இளகும்.

படி 6: கழிப்பறை

சமவெளிக் கிராமங்களில் நன்றாக வேலை செய்யும் இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறை, கீழ்மலைச் சரிவில் ஐப்பசி மழைக்கு நிரம்பி மேலே வந்துவிடும். கீழே ஒருவர் அதே மண்ணின் ஊற்றைக் குடிக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் தரைக்கு மேலே எழுப்பிய உலர் கழிப்பறையைச் சொல்கிறேன். திருச்சி மாவட்டம் முசிறியில் இந்த வகை நெடுநாளாகப் பயன்பாட்டில் இருக்கிறது.

இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் மூன்றடி உயரம், அடியில் சிமெண்ட் பூச்சு. சிறுநீர் தனியே பிரிந்து ஒரு கேனுக்குப் போக வேண்டும். கழுவும் தண்ணீருக்கு வேறொரு வழி. ஒவ்வொரு முறையும் இரண்டு கை சாம்பலோ காய்ந்த காப்பித் தோலோ போட்டு மூடுங்கள். காப்பித் தோல் இங்கே கேட்டாலே மூட்டையாகக் கொடுப்பார்கள்; நன்றாகக் காயவைத்ததாக இருக்கட்டும். ஓர் அறை நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள். மூடியதை ஓராண்டு தொடாதீர்கள். பிறகு அதை மரங்களின் அடியில் புதைக்கலாம். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம். சிறுநீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். நாற்றம் வந்தால் ஈரம் நுழைகிறது என்று பொருள். சாம்பலைக் கூட்டுங்கள், கூரையைப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் முதல் நாள் முகம் சுளித்தார்கள். மூன்றாம் நாள் அளவும் விலையும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

படி 7: வெளிச்சம்

தோட்டத்து மோட்டாருக்கான இலவச இணைப்பிலிருந்து குடியிருப்புக்குக் கம்பி இழுக்காதீர்கள். சிறிய சூரிய மின்சாரம் போதும். 9 வாட் விளக்கு மூன்று ஐந்து மணி நேரம், கைபேசி இரண்டு, மடிக்கணினி மூன்று மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 320 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால் 900 கிடைக்கும்; இரண்டரை நாளுக்கு மேல் வரும். மேகம் இறங்கி நிற்கும் கார்த்திகையில் 330 வாட் பலகை வழக்கத்தில் கால் பங்கே கொடுக்கும். அந்த மாதத்தை வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும், சித்திரையை வைத்து அல்ல. கோடை இடிக்குத் தகரக் கொட்டகையின் சட்டத்தை மண்ணில் எர்த் செய்துவிடுங்கள்.

படி 8: குளிரும் நெருப்பும்

மார்கழி, தை இரவுகளில் மேல்மலையில் உறைபனி விழும். கீழ்மலையில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் தகரச் சுவருக்குள் குளிர் எலும்பைத் தொடும். அப்போது கரியடுப்பையோ கணப்புச் சட்டியையோ உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தத் தோன்றும். செய்யாதீர்கள். கரி கனிந்து புகையே இல்லாமல் எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அறையை நிரப்புகிறது. அதற்கு மணம் இல்லை, இருமல் வராது. தூக்கம் வருவதுபோல இருக்கும், எழுந்திருக்க முடியாது. வேன், கூடாரம், கொட்டகை மூன்றுக்கும் இது பொருந்தும். சுவர் மேலே விட்ட திறப்பை அடைக்காதீர்கள் என்று முன்பு சொன்னதும் இதனால்தான். குளிருக்குக் கம்பளி, தடித்த மெத்தை, துணி சுற்றிய வெந்நீர்ப் பை. அது போதும்.

எரிவாயு இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லாத நாட்களில் 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வையுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் வேனின் தரை மட்டத்திலும் ஒரு திறப்பு வேண்டும்.

மாசி முதல் சித்திரை வரை காட்டுத்தீக் காலம். கொட்டகையைச் சுற்றிப் பதினைந்து அடிக்குச் சருகைப் பெருக்கி வெறுந்தரையாக வைத்திருங்கள்.

படி 9: காட்டோடு ஒத்து வாழ்வது

காட்டுமாடு இங்கே தினசரி வருகை. அது மேய்ந்துவிட்டுப் போய்விடும். தனியே நிற்கும் ஆண் மாட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். இரவில் கதவைத் திறந்ததும் இறங்காதீர்கள். டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் புதர் வேண்டாம்.

யானை வேறு. பலா பழுக்கும் ஆனி ஆடியிலும், வாழை தள்ளியிருக்கும் காலத்திலும் கீழ்மலைத் தோட்டங்களுக்குள் வரும். கொட்டகைக்குப் பக்கத்தில் வாழை வைக்காதீர்கள். அருகில் பலா இருந்தால் காயாகவே இறக்கிவிடுங்கள். அரிசி, உப்பு, வெல்லம், சாராய ஊறல் எல்லாம் அதற்கு வெகுதூரம் மணக்கும். வால்பாறையிலும் கூடலூரிலும் அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரையே உடைக்கும் யானைக்கு உங்கள் தகரம் ஒரு பொருட்டில்லை. அரிசியை இறுக்கி மூடிய எவர்சில்வர் டிரம்மில், படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். யானை வந்துவிட்டால் வெடி போட்டு வீரம் காட்டாமல், விளக்கை அணைத்து, எதிர்ப்பக்கக் கதவால் விலகி, வனத்துறையை அழையுங்கள். அதனால்தான் கொட்டகைக்கு இரண்டு கதவு வேண்டும்.

சூரிய மின்வேலி போட நினைத்தால் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். மின்கம்பத்திலிருந்து நேரடியாக வேலிக்குக் கம்பி இழுப்பது குற்றம். அது விலங்கை மட்டும் கொல்வதில்லை, விடியலில் வேலைக்கு வரும் மனிதரையும் கொல்லும்.

படி 10: உடம்பு

மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். உப்பையோ சுண்ணாம்பையோ தொட்டால் விழுந்துவிடும். அது தொல்லைதான், ஆபத்தில்லை. பயப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். புதரில் வேலை செய்த சில நாட்களில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்து, அக்குளிலோ இடுப்பிலோ சுட்ட புண்போலக் கறுத்த வடு தெரிந்தால், மருத்துவரிடம் அந்த வடுவைக் காட்டி "மலைத் தோட்டத்தில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் எளிய மாத்திரையில் தீரும். தள்ளிப்போட்டால் உயிருக்கே கேடு.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல், 108-ஐ அழைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்புங்கள். சிக்னல் கிடைக்கும் இடம் எது, இரவில் கிளம்பும் வண்டி யாரிடம் இருக்கிறது, வத்தலக்குண்டு அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முதல் வாரத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள்.

படி 11: ஊரோடு

போனதும் ஊராட்சித் தலைவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பக்கத்துத் தோட்டக்காரர்களையும் போய்ப் பார்த்து, யார் என்ன என்று சொல்லுங்கள். கொட்டகை வேலைக்கு ஊர் ஆட்களையே கூப்பிடுங்கள். இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்பு அருகில் இருந்தால், யானைத் தடமும் ஊற்றும் பற்றி அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்; கூட்டிப்போய்க் காட்டும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். குப்பையில் மக்காததைச் சாக்கில் கட்டி நீங்களே கீழே கொண்டுபோங்கள், ஓடையில் எறியாதீர்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் கொடைக்கானல் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. விருந்தாளிகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 12: இரண்டாம் ஐப்பசி

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். தண்ணீர் இறங்கிய வழி, காற்று அடித்த திசை, விலங்கு நடந்த தடம், தை மாத வெயில் காலை எத்தனை மணிக்கு எங்கே விழுந்தது, பங்குனியில் ஊற்று எவ்வளவு மெலிந்தது என்று தேதியோடு எழுதுங்கள். ஒரு குடத்தை ஊற்றடியில் வைத்து நிரம்பும் நேரத்தை மாதம் ஒருமுறை குறியுங்கள். எங்கள் குடம் கார்த்திகையில் 40 நொடியில் நிரம்பியது. பங்குனியில் ஏழு நிமிடம் ஆனது. நிலையான வீட்டுக்கு எத்தனை பேர் தாங்கும் என்பதை அந்த ஏழு நிமிடம்தான் சொன்னது.

இரண்டு மழைக்காலம் முடிந்தபின் எங்கள் நோட்டில் இருந்ததையெல்லாம் புலப்படத்தின் நகல் ஒன்றில் வண்ணப் பென்சிலால் வரைந்தோம். நீலம் தண்ணீர், சிவப்பு விரிசல், பழுப்பு யானைத் தடம். எதுவும் தொடாமல் வெள்ளையாக எஞ்சியது ஆறு சென்ட் இடம். அது பார்வை இல்லாத, பழைய கொய்யா மரம் ஒன்று நிற்கும் தோள். அங்கேதான் வீட்டுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். வேன் அதன் பக்கத்தில் கல்மேல் நிற்கிறது.